சீட்டுல ‘ஆர்/ஓ ஸ்கிஸோஃப்ரினியா’ன்னு எழுதியிருக்கு, தம்பிக்கு அந்த நோய் இருக்கா இல்லையா?

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துல பொறந்து, கல்யாணமாகி கும்பகோணத்துல இருக்குற ஒரு பொண்ணு எழுதியிருக்காங்க. பேரையும் அடையாளம் தெரியுற மாதிரி இருந்த விஷயங்களையும் எடுத்துட்டு, கேள்விக்கு வேண்டியதை மட்டும் சொல்றேன்.

அவங்களுக்கு ஒரே தம்பி, 24 வயசு. டிப்ளமோ முடிச்சுட்டு சென்னைக்கு வெளிய ஒரு கம்பெனில நைட் ஷிப்ட் பாத்துக்கிட்டு இருந்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்பவே ஒரு வாரமா தூக்கம் இல்லாம வந்திருக்கான். வந்த நாலஞ்சு நாள்ல ஆளே மாறிட்டான். போனை யாரோ ஒட்டுக் கேக்குறாங்க, மோட்டார் கொட்டாய்ல கேமரா வெச்சிருக்காங்க, மெஸ்ல டீல எதையோ கலந்து குடுத்துட்டாங்கன்னு ஒரே பேச்சு, ராத்திரி முழுக்க கொல்லைக்கும் வாசலுக்கும் நடை, சம்பா அறுப்புக்கு வந்த மெஷின் டிரைவரைப் பாத்து ‘நீ அவனுங்க அனுப்புன ஆளுதான’ன்னு அடிக்கவே போயிட்டான். அரசு ஆஸ்பத்திரில 12 நாள் அட்மிஷன். வீட்டுக்கு வரும்போது முக்கால்வாசி பழைய தம்பியா வந்துட்டான்.

குழப்பம் அதுக்கப்பறம்தான். டிஸ்சார்ஜ் சீட்டுல இங்கிலீஷ்ல அஞ்சு விஷயம் எழுதியிருந்தது: ‘அக்யூட் அண்ட் ட்ரான்சியன்ட் சைக்காட்டிக் டிஸ்ஆர்டர், ஆர்/ஓ ஸ்கிஸோஃப்ரினியா, இன்சைட் 3/6, ரிவ்யூ 2 வாரம், எஸ்ஓஎஸ்’. அர்த்தம் தெரியலைன்னு அதை போட்டோ எடுத்து சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. ஃபார்மஸி படிக்கிற ஒரு பையன், ‘இது ஸ்கிஸோஃப்ரினியாதான், ஆயுசுக்கும் மாத்திரை’ன்னு சொன்னான். கூட்டுறவு சங்கத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆன தாய்மாமா, ‘ரூல் அவுட்டுன்னா இல்லைன்னு அர்த்தம், டாக்டரே இல்லைன்னு எழுதிட்டாரு, அப்பறம் எதுக்கு மாத்திரை’ன்னாரு. அப்பா மாமா பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தி 9 நாள் ஆச்சு, ரிவ்யூவுக்கும் போகல. மாமா பொண்ணைத்தான் தம்பிக்குன்னு ரொம்ப நாளா பேச்சு, ‘வைகாசில முடிச்சுடுவோம், கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்’ங்கறாரு. அம்மா திருச்சி பக்கம் குணசீலம் கோயில்ல 48 நாள் வெச்சிருக்கணும்னு நேர்ந்துக்கிட்டு இருக்காங்க. பக்கத்து வீட்ல ‘சைக்கோவாம்’னு பேசுறாங்க. கடிதத்தோட கடைசில ரெண்டு வரி: ‘அந்த இங்கிலீஷுக்கு சரியான அர்த்தம் என்னன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். ரெண்டு நாளா மறுபடியும் ராத்திரி தூங்க மாட்டேங்கறான்.’

அர்த்தம் கண்டிப்பா சொல்றேன்மா, ஆனா நீங்க கடைசில எழுதுன அந்தத் தூக்கத்துலேர்ந்துதான் நான் ஆரம்பிக்கணும்.

முதல்ல மாத்திரை

ரெண்டு ராத்திரி தூங்கலைங்கறது உங்க தம்பி விஷயத்துல சின்ன சேதி கிடையாது. போன தடவையும் தூக்கம் போய்தான் எல்லாம் ஆரம்பிச்சிருக்கு. இந்த மாதிரி நோய் திரும்பி வர்றதுக்கு முன்னாடி பலருக்கு முதல் அடையாளமே தூக்கம் கெடறதுதான், அதுக்கப்பறம்தான் சந்தேகம், முணுமுணுப்பு, சாப்பாட்டை மோந்து பாக்குறது, கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துக்கறது எல்லாம் வரும். அதனால இந்தப் பதிலைப் படிச்ச மறுநாள் காலைலயே அதே ஆஸ்பத்திரி மனநல ஓபிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரிவ்யூ தேதி தாண்டிடுச்சே, திட்டுவாங்களேன்னு தயங்க வேணாம், மாத்திரையை நிறுத்திட்டு வர்றவங்களை நாங்க தினமும் பாக்குறோம், என்னைக்கு நிறுத்துனீங்க, ஏன் நிறுத்துனீங்கன்னு நேரா சொன்னாலே எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

விட்டுப்போன 9 நாளுக்கும் சேத்து ரெண்டு மாத்திரை மூணு மாத்திரைன்னு நீங்களா போட்டுடாதீங்க. எந்த அளவுல மறுபடி ஆரம்பிக்கணும்னு டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும். அதுக்குள்ள ராத்திரியில ஆள் ரொம்ப கொதிப்பா இருந்தாலோ, யாரையாவது அடிக்கப் போனாலோ, ‘இருந்து என்ன பண்றது’ன்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வந்தாலோ விடியுற வரைக்கும் காத்திருக்காம 108ஐக் கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. சும்மா பேசி யோசனை கேக்கணும்னா 14416, டெலிமானஸ், ராவு பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

மாத்திரை போட்டப்ப அவனுக்கு எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? அப்பா நிறுத்தச் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க, தம்பி என்ன சொன்னான்னு கடிதத்துல எங்கயும் இல்ல. இந்த நோய்க்குக் குடுக்குற ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபைன் மாதிரி மாத்திரை போட்டா சிலருக்குப் பகல்ல தூக்கமா வரும், கை நடுங்கும், உடம்பு மரக்கட்டையாட்டம் இறுகும், சிலருக்குப் பசி அதிகமாகி எடை ஏறும். இது எல்லாத்துக்கும் வழி இருக்கு, அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாத்தலாம், நடுக்கத்துக்குன்னே தனி மாத்திரை உண்டு. கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டாலோ நாக்கு தடிச்சு வாய் குழறுனாலோ கண்ணு மேல செருகுனாலோ பேய் பிடிச்சுடுச்சுன்னு பயந்துடாதீங்க, அது மருந்தோட பக்க விளைவு, ஆஸ்பத்திரில ஒரு ஊசி போட்டா சீக்கிரமே சரியாயிடும். இதை முதல்லயே சொல்லி அனுப்பாததாலதான் பாதிப் பேரு நிறுத்திடுறாங்கன்னு நான் நெனக்கிறேன்.

ஆர்/ஓ: மாமா சொன்னதும் தப்பு, அந்தப் பையன் சொன்னதும் தப்பு

ஆர்/ஓன்னா ‘ரூல் அவுட்’தான், அதுல சந்தேகமில்ல. பேச்சு வழக்குல ‘டெங்குவை ரூல் அவுட் பண்ணிட்டாங்க’ன்னு சொன்னா டெங்கு இல்லைன்னு முடிவாயிடுச்சுன்னு அர்த்தம், மாமா அதைத்தான் புடிச்சுக்கிட்டாரு, அவரு இங்கிலீஷ் தப்பில்ல. ஆனா டாக்டர் சீட்டுல நோய்ப் பேருக்கு முன்னாடி ஆர்/ஓன்னு போட்டா அது முடிஞ்ச வேலை கிடையாது, இனிமே செய்ய வேண்டிய வேலை. ‘இது இருக்கான்னு பாத்து, இல்லைன்னா தள்ளிடணும்’னு அடுத்துப் பாக்கப் போற டாக்டருக்கும் தனக்குமே எழுதி வெச்சுக்கற குறிப்பு. ஐப்பசி கார்த்திகை மழைல காய்ச்சலோட வர்றவங்க சீட்டுல ‘ஃபீவர், ஆர்/ஓ டெங்கு’ன்னு எழுதுவோம், அந்த நிமிஷத்துல டெங்கு இருக்குன்னும் தெரியாது இல்லைன்னும் தெரியாது, ரத்த டெஸ்ட் வரணும். டெங்குக்கு அப்படி டெஸ்ட் இருக்கு. ஸ்கிஸோஃப்ரினியாவை, அதாவது இல்லாத சந்தேகமும் இல்லாத குரலும் நீண்ட நாள் தங்குற மனநோயை, உறுதியா காட்டுற ரத்த டெஸ்ட்டோ ஸ்கேனோ இன்னைக்கு வரைக்கும் கிடையாது. இங்க டெஸ்ட்டுன்னா நாளாக ஆக என்ன நடக்குதுன்னு பாக்குறதுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க, உங்க வீட்டுச் சண்டை பூரா இதுக்குள்ளதான் இருக்கு. நம்ம ஆஸ்பத்திரிகள்ல நோய்ப் பேரு எழுதறதுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடிங்கற பட்டியலைத்தான் பாப்போம். பத்தாவது பதிப்புப்படி ஸ்கிஸோஃப்ரினியான்னு சொல்லணும்னா அதுக்குரிய அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒரு மாசமாவது பெரும்பாலான நேரம் இருந்திருக்கணும். அமெரிக்காக்காரங்க வெச்சிருக்குற டிஎஸ்எம் பட்டியல்ல இன்னும் கறார், மொத்தத்துல 6 மாசமாவது நோயோட அடையாளம் இருக்கணும். உங்க தம்பிக்கு நாலஞ்சு நாள்ல ஆரம்பிச்சு, 12 நாள் வைத்தியத்துல பெரும்பகுதி தணிஞ்சிடுச்சு. அப்ப எந்த டாக்டரா இருந்தாலும் ஸ்கிஸோஃப்ரினியான்னு உறுதியா எழுத முடியாது, அது வரவே வராதுன்னும் எழுதிக் குடுக்க முடியாது. தெரிஞ்சதை முதல் வரிலயும் இன்னும் தெரியாததை ரெண்டாவது வரிலயும் எழுதியிருக்காரு. நேர்மையான சீட்டு அது.

முதல் வரில இருக்குற அக்யூட் அண்ட் ட்ரான்சியன்ட் சைக்காட்டிக் டிஸ்ஆர்டர்தான் இன்னைக்கு உங்க தம்பியோட நோய்ப் பேரு. அக்யூட்டுன்னா திடீர்னு, அதாவது 2 வாரத்துக்குள்ள முழுசா வெளிப்பட்டது. ட்ரான்சியன்ட்டுன்னா தங்காம போறது. சைக்காட்டிக்குன்னா இல்லாததை இருக்குறதா நம்பறது, கேக்குறது, பாக்குறது. பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துலேர்ந்து ரெண்டு மூணு மாசத்துக்குள்ள முழுசா சரியாயிடும். நம்ம நாடு மாதிரி நாடுகள்ல இந்த வகை பணக்கார நாடுகளை விட அதிகமா தெரியுதுன்னு உலக சுகாதார நிறுவன ஆய்வுகள்லயே வந்திருக்கு, அதனால அபூர்வமான வியாதின்னும் பயப்பட வேணாம். சிலருக்கு வாழ்க்கைல ஒரே தடவை வந்துட்டுப் போயிடும். சிலருக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சு மறுபடி வரும். சிலருக்கு நாளடைவுல அது ஸ்கிஸோஃப்ரினியான்னோ, மனநிலை ஒரேயடியா ஏறி இறங்குற பைபோலார்னோ மாறும். அதுல தம்பி எந்தப் பக்கம்னு இன்னைக்கு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க, அது நானா இருந்தாலும் சரி.

நல்ல அறிகுறின்னு சொல்லிக்கறதுக்கு உங்க கடிதத்துலயே இருக்கு. திடீர்னு வந்தது, அதுக்கு முன்னாடி வரைக்கும் வேலைக்குப் போயி சம்பாதிச்சு கூட்டாளிங்களோட நல்லா இருந்தது, தூக்கக் கேடுன்னு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியுறது, மருந்துக்கு சீக்கிரம் கேட்டது, இதெல்லாம் நல்லபடியா மீண்டு வர்றவங்ககிட்ட நாங்க பாக்குற விஷயங்கள். உத்தரவாதம் குடுக்க முடியாது, ஆனா நம்பிக்கை வெக்க இடம் இருக்கு.

இன்னொண்ணு, கோவிச்சுக்காம கேளுங்க. ஆர்/ஓ பட்டியல்ல பேசாம விட்டுடக் கூடாதது கஞ்சா. நைட் ஷிப்ட்ல முழிச்சிருக்க பசங்க எதை எதையோ எடுத்துக்கறாங்க. தம்பி எடுத்தான்னு நான் சொல்லல, ஆனா எடுத்திருந்தா டாக்டருக்குத் தெரியணும், வைத்தியமே அதைப் பொறுத்து மாறும். அப்பா முன்னாடி கேட்டா சொல்ல மாட்டான், நீங்க தனியா கேளுங்க, இல்ல டாக்டர்கிட்ட அவன் மட்டும் பத்து நிமிஷம் பேசட்டும். அதே மாதிரி, பாட்டி வழில ஒரு சின்ன தாத்தா வீட்டை விட்டுப் போயிட்டாருன்னு போகிற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்கல்ல, அதையும் அட்மிஷன்ல சொன்னீங்களா? சொல்லலைன்னா இப்ப சொல்லுங்க. அவரு ஏன் போனாரு, போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாருன்னு அம்மாவைக் கேட்டுட்டுப் போங்க.

இன்சைட் 3/6ங்கறது மார்க் கிடையாது

‘மூளை பாதிதான் வேலை செய்யுதாம்’னு அப்பா அழுததா எழுதியிருக்கீங்க. அப்பாகிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. இன்சைட்டுன்னா தனக்கு வந்திருக்குறது நோய்னு தனக்கே எவ்வளவு புரிஞ்சிருக்குங்கறது. அறிவுக்கும் படிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆறு படி வெச்சிருக்கோம். ஒண்ணாவது படில இருக்குறவரு ‘எனக்கு ஒண்ணுமே இல்ல’ம்பாரு, ஆறாவது படில ‘எனக்கு நோய் வந்துச்சு, அதுக்குத் தகுந்த மாதிரி நான் நடந்துக்கணும்’னு மனசார ஏத்துக்குவாரு. மூணுங்கறது ‘எனக்கு உடம்பு சரியில்ல, ஆனா அதுக்குக் காரணம் வெளிய இருக்கு’ன்னு நம்பறது. டீல கலந்து குடுத்துட்டாங்கன்னு தம்பி இன்னும் சொல்றான் பாருங்க, அதைத்தான் 3ன்னு போட்டிருக்காங்க. இது நின்ன இடத்துல நிக்காது, சரியாக ஆக மேல ஏறும்.

இதுல வீட்ல செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. டீல ஒண்ணும் கலக்கல, எல்லாம் உன் கற்பனைன்னு அவன்கிட்ட வாதாடாதீங்க, ஜெயிக்க முடியாது, உங்களையும் அவனுங்க ஆளுன்னு நெனச்சுக்குவான். ஆமாம் கலந்துட்டாங்கன்னு ஒத்து ஊதவும் வேணாம். ‘உனக்கு அது எவ்வளவு பயமா இருந்திருக்கும்னு புரியுதுடா, எனக்கு அது அப்படித் தோணல, ஆனா நீ தூங்கணும், அதுக்கு ஆஸ்பத்திரி போவோம்’, இவ்வளவு போதும்.

எஸ்ஓஎஸ்ங்கறதையும் சொல்லிடறேன், அதைப் பாத்து ‘தேவைப்பட்டா போனா போதும்’னு அப்பா எடுத்துக்கிட்டாருபோல. சீட்டுகள்ல எஸ்ஓஎஸ்னா தேவைப்பட்டா மட்டும்னுதான் அர்த்தம், மாத்திரை பக்கத்துல போட்டிருந்தா தேவைப்படும்போது மட்டும் அந்த மாத்திரை. ஆனா இங்க 2 வாரம்னு எழுதிட்டு அப்பறம்தான எஸ்ஓஎஸ் போட்டிருக்காங்க. 2 வாரத்துல கட்டாயம் வாங்க, அதுக்கு முன்னாடியே ஏதாவதுன்னாலும் வாங்கங்கறதுதான் அது.

‘சைக்கோ’ன்னு பேசுறவங்களுக்கு நீங்க விளக்கம் குடுத்துக்கிட்டு இருக்க வேணாம். சினிமாவுல கத்தியோட வர்ற ஆளுக்கும் சைக்காட்டிக்னு சீட்டுல எழுதுற நோய்க்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இந்த நோய்ல இருக்குறவங்க மத்தவங்களைப் பயமுறுத்தறதை விட அவங்க பயந்து நடுங்கறதுதான் நாங்க அதிகமா பாக்குறது.

சீட்டு தம்பியோடது

இது எனக்கு ரொம்ப முக்கியம். அந்த சீட்டைக் குரூப்ல முப்பது நாப்பது பேரு பாத்துட்டாங்க, ஃபார்மஸி பையன் பாத்துட்டான், மாமா பாத்துட்டாரு, இப்ப நானும் பாத்துட்டேன். தம்பி பாத்தானா? அவனுக்கு 24 வயசு. தன் உடம்புக்கும் மனசுக்கும் என்ன வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கற உரிமை முதல்ல அவனுக்குத்தான். முதல் வேலையா அந்த போட்டோவை குரூப்லேர்ந்து எடுக்கச் சொல்லுங்க, சேமிச்சு வெச்சவங்களையும் அழிக்கச் சொல்லுங்க. நல்ல மனசோட அர்த்தம் கேட்டுத்தான் போட்டீங்க, அது எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கு அவன் குணமாகி வேலைக்குப் போகும்போது அந்தப் படம் எங்கயாவது ஒரு போன்ல கெடக்கும்.

2017ல வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018லேர்ந்து நடைமுறைல இருக்கு. அதோட 22வது பிரிவுல, நோயோட தன்மை என்ன, என்ன வைத்தியம், பக்க விளைவு என்னங்கறதை நோயாளிக்கும் அவர் நியமிக்கிற பிரதிநிதிக்கும் அவங்களுக்குப் புரியுற மொழில சொல்லணும்னு இருக்கு. புரியுற மொழின்னா உங்களுக்குத் தமிழ். ஓபில கூட்டம் நிக்குதேன்னு கூச்சப்பட்டு சீட்டை வாங்கிட்டு வந்துடாதீங்க, ‘டாக்டர், இந்த ரெண்டு வரியைத் தமிழ்ல சொல்லுங்க’ன்னு கேளுங்க. அவருக்கு நேரமில்லைன்னா அதே வார்டுல மனநல சமூகப் பணியாளரோ சைக்காலஜிஸ்ட்டோ இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, பல நேரம் அவங்கதான் உக்கார வெச்சுப் பொறுமையா சொல்வாங்க. அதே சட்டத்துல 23வது பிரிவு ரகசியம் காக்கறது. 14வது பிரிவுப்படி தம்பியே யாரையாவது பிரதிநிதியா எழுதி வெச்சுக்கலாம், வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும், அந்த ஆளும் சம்மதம்னு எழுதிக் குடுக்கணும். அவன் உங்களைச் சொல்வான்னு எனக்குத் தோணுது, ஆனா அவன்தான் சொல்லணும்.

வேலை போயிடுமோ, எதிர்காலத்துல ‘புத்தி சுவாதீனம் இல்லாதவன்’னு சொல்லிடுவாங்களோன்னு கேட்டிருந்தீங்க. அதே சட்டத்தோட 3வது பிரிவுலயே தெளிவா இருக்கு, ஒருத்தருக்கு மனநோய்னு கண்டுபிடிச்சதால மட்டும் அவரைச் சுவாதீனம் இல்லாதவர்னு சொல்லிட முடியாது, அதுக்கு கோர்ட்டு அறிவிக்கணும். இப்போதைக்கு நைட் ஷிப்ட் மட்டும் வேணாம். டாக்டர் சரின்னதும் பகல் வேலையா பாக்கட்டும்.

வைகாசிக் கல்யாணம்

வைகாசி வேணாம்மா. கல்யாணம் பண்ணா சரியாயிடும்ங்கறது நம்ம பக்கம் எல்லா வீட்லயும் சொல்ற பேச்சு, நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா அதுல உண்மை இல்ல. கல்யாணம் மருந்து கிடையாது. நிச்சயம், பந்தக்கால், ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு, விடியக்கால முகூர்த்தம்னு நாலு நாள் தூக்கம் கெடும், புது ஆளு புதுப் பொறுப்பு, தூக்கம் போயி நோய் வந்த பையனுக்கு இப்ப அது ஆகாது. மாத்திரையோட நிதானமா சில மாசம் போகட்டும், அப்பறம் டாக்டரையும் வெச்சுக்கிட்டே முடிவு பண்ணலாம்.

கல்யாணமே கூடாதுன்னு நான் சொல்லல. மனநோய் வந்து மீண்டு, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே நல்லா குடும்பம் நடத்துறவங்க நம்ம தெருக்கள்லயே இருக்காங்க. சட்டமும் அப்படித்தான் பாக்குது. 1955 இந்துத் திருமணச் சட்டத்தோட 5வது பிரிவுல, சம்மதம் குடுக்க முடியாத நிலைல இருந்தாலோ, கல்யாண வாழ்க்கைக்கும் புள்ளை பெத்துக்கறதுக்கும் தகுதியில்லாத அளவுக்கு மனநோய் இருந்தாலோ, புத்தி பேதலிப்பு திரும்பத் திரும்ப வந்துக்கிட்டு இருந்தாலோதான் தடை. ஸ்கிஸோஃப்ரினியான்னு ஒரு பேரு இருக்குறதாலேயே கல்யாணத்தை முறிச்சுட முடியாது, எந்த அளவுக்கு இருக்குன்னுதான் பாக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1988லயே ராம் நாராயண் குப்தா வழக்குல சொல்லிடுச்சு. ஆனா மறைச்சுப் பண்ணா கதை வேற, முக்கியமான விஷயத்தை மறைச்சு சம்மதம் வாங்குனாங்கன்னு 12வது பிரிவுல கேஸ் போட்டு ரத்து பண்ண வழி இருக்கு. மாமாவுக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு நீங்க சொல்வீங்க. கழுத்தை நீட்டப் போறது மாமா இல்ல. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? அவகிட்ட தம்பியே சொல்லணும், அவன் நிதானமா இருக்கும்போது, அவனோட சம்மதத்தோட, பக்கத்துல நீங்க இருந்தாலும் பரவால்ல. அவ வேணாம்னு சொன்னா அதுக்காக அந்தப் பொண்ணை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. வீட்டை விட்டுப் போன அந்த சின்ன தாத்தா அம்மாவுக்கு மட்டும் சொந்தம் கிடையாது, மாமாவுக்கும் அதே சொந்தம்தான். அவருக்கு இருந்தது மனநோயா இருந்தா, அந்த வழி தம்பிக்கும் மாமா பொண்ணுக்கும் ரெண்டு பேருக்குமே இருக்கு. ஸ்கிஸோஃப்ரினியா பொதுவா 100ல ஒருத்தருக்கு வரக்கூடியது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தா புள்ளைக்கு 10ல ஒண்ணு அளவுக்கு ஏறும். இது பயமுறுத்தறதுக்கு இல்ல, தம்பிக்கு அது இருக்குன்னும் முடிவாகல. ஆனா முறைப்பொண்ணுங்கற ஒரே காரணத்துக்காக அவசரமா முடிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பேச வேண்டிய விஷயம் இது.

குணசீலம் போலாமா

போங்க. அம்மாவோட நேர்த்தியை நான் தடுக்க மாட்டேன். காவிரிக் கரைல பிரசன்ன வெங்கடாசலபதி சன்னதில உச்சிக்கால பூஜைலயும் ராத்திரி பூஜைலயும் முகத்துல தீர்த்தம் தெளிக்கறதுக்குன்னு எத்தனையோ தலைமுறையா நம்ம ஜனங்க போறாங்க, அங்க உக்காந்திருக்குற அம்மாக்களுக்கு அது பெரிய தெம்பு. ரெண்டு நிபந்தனை மட்டும்: மாத்திரை கூடவே போகணும், ஓபி தேதி தவறக் கூடாது. இன்னைக்கு இருக்குற நிலைமைல முதல்ல ஆஸ்பத்திரி, தூக்கம் திரும்பி ஒரு நிதானம் வந்தப்பறம் கோயில். வேற எங்கயாவது, கோயிலோ தர்காவோ ஜெபக்கூடமோ தனியார் இல்லமோ, கட்டிப் போட்டு வெக்கிறோம்னு சொன்னா அந்த எடத்துல ஒரு நிமிஷம் நிக்காதீங்க. 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடில ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலில இருந்த 28 பேரு எந்திரிச்சு ஓட முடியாம செத்துப் போனாங்க. மனநோயாளியைச் சங்கிலில கட்டறது இப்ப சட்டப்படியே குத்தம், அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தோட 95வது பிரிவு.

நாளைக்குப் போகும்போது கையில எடுத்துக்க வேண்டியது: டிஸ்சார்ஜ் சீட்டு, மிச்சம் இருக்குற மாத்திரை அட்டை, என்னைக்கு நிறுத்துனீங்க என்னைலேர்ந்து தூங்கலன்னு எழுதுன ஒரு துண்டுப் பேப்பர், சின்ன தாத்தா பத்தி அம்மா சொன்னது. அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, மாமாவையும் வரச் சொல்லுங்க, டாக்டர் வாயால அந்த ஆர்/ஓவுக்கு அர்த்தம் அவரே கேட்டுக்கட்டும். டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: இந்த மாத்திரை குறைஞ்சது எத்தனை மாசம், அந்த ஆர்/ஓவை எப்ப மறுபடி பாத்து முடிவு சொல்வீங்க, எந்த அறிகுறி வந்தா தேதி பாக்காம ஓடி வரணும். முதல் தடவை வந்தவங்களுக்குப் பொதுவா பல மாசம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் மாத்திரை தொடரும், அப்பறம் டாக்டரே மெதுவா குறைச்சுக்கிட்டு வருவாரு, ஆயுசுக்கும்னு இப்பவே யாரும் முடிவு கட்ட வேணாம். போறதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே தம்பியை உக்கார வெச்சு, சீட்டை அவன் கையில குடுத்து, நான் மேல எழுதுனதை நீங்களே படிச்சுக் காட்டுங்க. அவன் கேக்குற கேள்வி எதுவா இருந்தாலும் அதையும் அந்தத் துண்டுப் பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க.